ஜீப்புக்கு டீசல் இன்ஜின் மாற்றப் போறீங்களா? முதலில் ருடால்ஃப் டீசலின் கதையைத் தெரிஞ்சுக்கோங்க!

தர்மபுரி மாவட்டத்தில் பழைய ஜீப்புகளுக்கு இன்னும் மவுசு குறையவில்லை. அரூர் பக்கம் சித்தேரி மலை, தர்மபுரிக்கு அருகே வத்தல்மலை, பென்னாகரத்தைச் சுற்றியுள்ள காட்டுப் பாதைகள் என ஏற்றமும் கரடுமுரடும் நிறைந்த பகுதி இது. அப்பா காலத்துப் பெட்ரோல் ஜீப் ஒன்று வீட்டுக் கொட்டகையில் நின்றால், அதில் டீசல் இன்ஜினை ஏற்றிவிடலாமா என்ற யோசனை தானாக வரும். லிட்டருக்குக் கூடுதல் கிலோமீட்டர் கிடைக்கும். குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை இருக்கும். ஆசை நியாயமானதுதான்.

ஆனால், பலரும் முதலில் விசாரிப்பது எந்த இன்ஜின், என்ன விலை என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. வரப்போகும் இன்ஜினுக்கு, வண்டியின் மற்ற பாகங்கள் தயாரா? இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றவர், அந்த இன்ஜினை உருவாக்கியவரேதான். டீசல் என்பது முதலில் எரிபொருளின் பெயர் அல்ல, ஒரு மனிதரின் பெயர்.

யார் இந்த டீசல்?

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்தவர்கள். அப்பா தோல் பொருட்கள் செய்யும் கைவினைஞர். பெரிய வசதி கிடையாது. 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும், பாரிஸில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் லண்டனுக்கு இடம்பெயர்ந்தது. 12 வயது ருடால்ஃப் மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்த வீட்டுப் பெரியவர் தொழிற்பள்ளியில் கணித ஆசிரியர். சிறுவனின் பாதை அங்கேயே முடிவாகிவிட்டது.

பிறகு உதவித்தொகையுடன் மியூனிக் பாலிடெக்னிக்கில் படிப்பு. குளிர்பதனத் தொழில்நுட்பத்தில் பெயர்பெற்ற கார்ல் வான் லிண்டே அங்கே அவருடைய பேராசிரியர். 1879-ல் டைபாய்டு காய்ச்சலால் இறுதித் தேர்வைத் தவறவிட்ட டீசல், அடுத்த ஆண்டு ஜனவரியில் மிகச் சிறந்த மதிப்பெண்களுடன் தேறினார். லிண்டேவின் நிறுவனத்துக்காகப் பாரிஸில் பனிக்கட்டி ஆலை வேலைக்குச் சேர்ந்தார்.

வீணாகும் வெப்பம்

அன்றைய தொழிற்சாலைகள் நீராவி இன்ஜினை நம்பியிருந்தன. எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் 10 சதவீதம் அளவுக்குத்தான் வேலையாக மாறியது. மீதி எல்லாம் புகைபோக்கி வழியாகப் போய்விடும். இந்த வீணடிப்பு டீசலை உறுத்தியது. நீராவி இன்ஜின் பெரியது, விலை அதிகம், பெரிய முதலாளிகளால் மட்டுமே வாங்க முடியும். சின்னப் பட்டறைக்காரரும் சொந்தமாக வைத்துக்கொள்ளக்கூடிய, சிக்கனமான இன்ஜின் வேண்டும் என்பது அவர் கனவு.

அம்மோனியா ஆவியை வைத்துச் சில ஆண்டுகள் முயன்றார். அது கைகூடவில்லை. பிறகுதான் காற்றின் பக்கம் திரும்பினார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் அது சூடாகும். போதுமான அளவு அழுத்தினால், அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். தீப்பொறியே தேவையில்லை. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

இதற்கான ஜெர்மன் காப்புரிமை 1893 பிப்ரவரியில் அவருக்குக் கிடைத்தது. இன்ஜின் என்று ஒரு பொருள் உருவாகும் முன்பே காகித வேலையை முடித்துவிட்டார் மனிதர்.

ஜீப் விஷயத்திலும் அதே வரிசைதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகி மாற்றம் செய்யக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் கூறியது. அதனால், பழைய இன்ஜினைத் தேடிக் கிளம்பும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். எந்த இன்ஜினுக்கு அனுமதி உண்டு, ஆர்.சி.யில் எரிபொருளும் இன்ஜின் எண்ணும் எப்படி மாறும், வாங்கும் இன்ஜினுக்கு என்ன ஆவணம் வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக வேண்டும். ஆர்.சி.யில் ஒரு இன்ஜின், வண்டியில் வேறொரு இன்ஜின் என்றால், விபத்து நேரத்தில் காப்பீட்டுப் பணம் சிக்கலாகிவிடும்.

ஒரு நிமிடம் ஓடிய இன்ஜின்

ஆக்ஸ்பர்க் இயந்திர ஆலையும் க்ரூப் நிறுவனமும் டீசலுக்குத் துணை நின்றன. 1893 ஆகஸ்டில் முதல் சோதனை. உள்ளே வெடிப்பு நிகழ்ந்தது, அழுத்தத்தை அளக்கும் கருவி சிதறிப்போனது. ஆனால் அழுத்தத்தால் எரிபொருள் பற்றும் என்பது நிரூபணமானது. காகிதத்தில் போட்ட கணக்கைப் பலமுறை மாற்ற வேண்டியிருந்தது. 1894 பிப்ரவரி 17 அன்று, நிமிடத்துக்கு 88 சுற்று வேகத்தில் சுமார் ஒரு நிமிடம் இன்ஜின் தானாக ஓடியது.

சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 1897 பிப்ரவரி 17 அன்று பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் இன்ஜினை முறைப்படி சோதித்தார். திறன் 26.2 சதவீதம்! நீராவி இன்ஜின் பக்கத்தில்கூட வர முடியாத அளவு. ஆனால் சுமார் 20 குதிரைத்திறன் தர, அந்த இன்ஜின் 3 மீட்டர் உயரம், 4 டன்னுக்கு மேல் எடை இருந்தது.

ஏன் இவ்வளவு கனம்? பழைய பெட்ரோல் ஜீப் இன்ஜின் தன் கலவையை 7 மடங்கு அளவுக்கு அழுத்தும். பழைய தலைமுறை டீசல் இன்ஜின் காற்றை 20 மடங்கு அளவுக்கு அழுத்தும். அதைத் தாங்கும் பிளாக், கிராங்க், ஹெட் எல்லாமே கனமாகத்தான் இருக்கும், அதிர்வும் கூடும். அதனால் இன்ஜின் மவுன்ட், சேஸிஸில் வெல்டிங் செய்யும் இடங்கள், முன்பக்க லீஃப் ஸ்பிரிங் ஆகிய மூன்றையும் புது எடைக்கு ஏற்பப் பார்க்க வேண்டும். ஆயில் சம்ப் முன் ஆக்சிலில் இடிக்குமா, பெல் ஹவுசிங் பழைய கியர்பாக்ஸோடு பொருந்துமா, கிளட்ச் தாங்குமா என்பதைப் பழைய இன்ஜின் வண்டியில் இருக்கும்போதே அளந்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய டீசல் இன்ஜின்கள் அதிக ஆர்பிஎம் போகாது. கியர் விகிதம் பொருந்தாவிட்டால் மலை ஏறும் வண்டி நெடுஞ்சாலையில் திணறும்.

சோதனையில் ஜெயித்தது, ஆலையில் தோற்றது

1897-க்குப் பிறகு பணம் கொட்டியது. அமெரிக்க உரிமையை மட்டும் பீர் தொழிலதிபர் அடால்ஃபஸ் புஷ் 10 லட்சம் மார்க்குக்கு வாங்கினார். 40 வயதுக்குள் டீசல் கோடீஸ்வரர்.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. ஆய்வுக்கூடத்தில் நிபுணர்கள் சுற்றி நின்று கவனித்த இன்ஜின், சாதாரண ஆலைக்குப் போனதும் முரண்டு பிடித்தது. கெம்ப்டன் நகரத் தீப்பெட்டி ஆலைக்கு 1898-ல் போன இன்ஜின் அடிக்கடி பழுதானது. அதே ஆண்டு தொடங்கப்பட்ட டீசல் இன்ஜின் தொழிற்சாலையால் நிலைக்க முடியவில்லை. வாங்கியவர்கள் இன்ஜினைத் திருப்பி அனுப்பினார்கள். டீசலின் உடல்நலமும் மனநலமும் சேர்ந்து சரிந்தன. சிகிச்சை இல்லத்தில் ஓய்வெடுக்கும் நிலை வந்தது. பிறகு ஆக்ஸ்பர்க் பொறியாளர்கள் பல ஆண்டுகள் பொறுமையாக ஒவ்வொரு குறையையும் சரிசெய்து இன்ஜினைக் காப்பாற்றினார்கள்.

வீட்டில் மாற்றும்போதும் இதே கதைதான். தரையில் வைத்து ஸ்டார்ட் செய்தால் ஓடும் இன்ஜின், வண்டியில் ஏறியதும் மக்கர் செய்யும். ரேடியேட்டர் போதவில்லை என்றால் பாதி மலையில் கொதித்துவிடும். டீசல் இன்ஜினைச் சுற்றிவிட வலுவான ஸ்டார்ட்டரும் பெரிய பேட்டரியும் தடிமனான வயரும் வேண்டும். குளோ பிளக் இருந்தால் அதற்குத் தனி ரிலே வேண்டும். சாவியைத் திருப்பித் தீப்பொறியை நிறுத்தி இதை அணைக்க முடியாது. எரிபொருளை நிறுத்த சாலினாய்டோ ஸ்டாப் கேபிளோ கட்டாயம்.

டேங்க் விஷயம் இன்னும் முக்கியம். எரிபொருள் பம்புக்கு டீசலே மசகு எண்ணெய் மாதிரி. மிச்சப் பெட்ரோலும் துருவும் தண்ணீரும் அதன் எதிரிகள். டேங்கை முழுசாகச் சுத்தம் செய்து, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும் ரிட்டர்ன் லைனும் போட வேண்டும். ஒரு எச்சரிக்கை: பெட்ரோல் இருந்த டேங்கில் வீட்டில் வெல்டிங் வைக்கவே கூடாது. காலி டேங்கில் நிற்கும் ஆவியே வெடிக்கும்.

1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மைதான். அதற்காக நம்ம ஊர்ச் செக்கு எண்ணெயை ஊற்றிவிடாதீங்க. கெட்டியான எண்ணெய் பம்பையும் இன்ஜெக்டரையும் அடைத்துவிடும்.

வண்டிக்குள் வராத இன்ஜின்

டீசல் தன் இன்ஜினில் எரிபொருளைச் செலுத்த அழுத்தப்பட்ட காற்றைப் பயன்படுத்தினார். அதற்குத் தனி கம்ப்ரசர் தேவை. கப்பலுக்கு அது சரி. 1912-ல் செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் டீசல் இன்ஜினுடன் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை பயணித்தது. ஆனால் காருக்குள் அவ்வளவு பெரிய கம்ப்ரசரை எங்கே வைப்பது? அவர் வாழ்நாளில் அதற்கு விடை கிடைக்கவில்லை. 1920-களில்தான் டீசல் லாரிகள் வந்தன. 1927-ல் பாஷ் நிறுவனம் சிறிய எரிபொருள் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 1936-ல் மெர்சிடிஸ் பென்ஸ் 260டி கார் வெளியானது.

அந்தப் பம்பின் அழுத்தம் விளையாட்டல்ல. இன்ஜெக்டரில் கசிவு இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்க்கக் கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் அது.

பலரும் மறப்பது பிரேக்கை. பெட்ரோல் இன்ஜின் மூச்சிழுக்கும்போது உருவாகும் வெற்றிட இழுப்பில்தான் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது. டீசல் இன்ஜின் காற்றைத் தடையில்லாமல் இழுப்பதால் அந்த வெற்றிடம் கிடைக்காது. பூஸ்டர் உள்ள வண்டி என்றால் வேக்வம் பம்ப் கட்டாயம். ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே வரும் பம்புகளும் உண்டு. பூஸ்டர் இல்லாவிட்டாலும் கூடிய எடைக்குத் தகுந்தபடி பிரேக்கைச் சீர்செய்ய வேண்டும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் கைவிட்டால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கடைசி இரவு

இன்ஜின் உலகத்தை வென்றுகொண்டிருந்தபோது, அதை உருவாக்கியவர் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார். தவறான முதலீடுகளில் பணம் கரைந்துபோயிருந்தது. தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து உடைமையாளர்களாக வேண்டும் என்று 1903-ல் அவர் எழுதிய நூலையும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1913 செப்டம்பர் 29 மாலை, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். இரவு உணவு முடித்து, காலையில் எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அவர் அங்கே இல்லை. படுக்கை கலையவில்லை. தொப்பியும் கோட்டும் மேல்தளத்தில் கிடந்தன. சில நாட்கள் கழித்து ஒரு டச்சுப் படகு கடலில் ஓர் உடலைக் கண்டது. அதிலிருந்து எடுத்த பொருட்கள் அப்பாவுடையவை என மகன் ஆய்கன் அடையாளம் காட்டினார். தற்கொலையா, விபத்தா, கொலையா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. அப்போது அவருக்கு வயது 55.

கொட்டகைக்கு வந்த கனவு

சின்னப் பட்டறைக்காரர் கையில் இன்ஜின் வேண்டும் என்ற அவரது கனவு, அவர் போன பிறகுதான் பலித்தது. பம்ப் செட், டிராக்டர், டெம்போ என்று டீசல் இன்ஜின் நம் கிராமங்களுக்கும் வந்துசேர்ந்தது. 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா நிறுவனமும், பின்னாளில் பிரான்ஸின் பெஜோ டீசல் இன்ஜினுக்கு உரிமம் பெற்றுத் தன் ஜீப்புகளில் பொருத்தியது. அதற்காக வடிவமைத்த பிரேக்கும் ரேடியேட்டரும் மவுன்டும் கூடவே வந்தன. வீட்டில் மாற்றுபவர் அந்த முழு வேலையையும் தானே செய்கிறார் என்று அர்த்தம்.

அதனால் அவசரம் வேண்டாம். அனுமதி, மவுன்ட், பெல் ஹவுசிங், ரேடியேட்டர், வயரிங், டேங்க், பிரேக் எல்லாம் தயாரான பிறகு பழைய இன்ஜினைக் கழற்றினால் போதும். கழற்றும் நாளில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பெட்ரோலை வடித்துவிடுங்கள். தனியாக இறங்காதீங்க. கொட்டகை விட்டத்தில் கயிறு கட்டித் தூக்கும் வேலையும் வேண்டாம். எடைக்குத் தகுந்த செயின் பிளாக்கும் ஸ்டாண்டும் ஒருநாள் வாடகைக்கு எடுத்துக்கலாம். தொங்கும் இன்ஜினுக்கு அடியில் மட்டும் யாரும் நிற்கக் கூடாது.