மரைக்கு ஒழுங்கு கற்பித்த மாட்ஸ்லே

லேத்தில் டை வைத்து மரை போடாத மெக்கானிக்கல் மாணவர் நம் கல்லூரியில் இருக்க மாட்டார். கம்பியின் முனையைச் சற்றே சரித்துக் கடைந்து, டையின் முதுகை டெயில்ஸ்டாக்கால் தாங்கி, எண்ணெய் விட்டு, சக்கைக் கையால் திருப்ப வேண்டும். தாங்கல் இல்லாவிட்டால் மரை கோணிக்கொள்ளும். ஏனென்றால் டை, தான் வெட்டிய மரையையே பிடித்துக்கொண்டு முன்னேறுகிற சாமான். முதல் சுற்று கோணினால் கடைசிவரைக்கும் கோணல்தான்!

சரி, டை ஒழுங்காக இருக்கணும்னா அதை வெட்டிய டேப் ஒழுங்காக இருக்கணும். அந்த டேப்புக்கும் ஒரு தாய்த் திருகு வேணுமே, அது எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கு நின்றவர் ஹென்றி மாட்ஸ்லே. ஒர்க்‌ஷாப்பில் பல வருஷம் நின்றவன் என்ற முறையில் அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுத ஆசை.

1771-ல் லண்டனை அடுத்த வுல்விச்சில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் அங்கிருந்த ஆயுதச் சாலையில் தோட்டாவுக்கு மருந்து அடைக்கும் வேலை. பிறகு தச்சுப் பட்டறை, அப்புறம் கொல்லுப் பட்டறை. பதினெட்டு வயதில் பூட்டு செய்வதில் பெயர் பெற்ற ஜோசப் பிராமாவிடம் சேர்ந்து, சீக்கிரமே தலைமை மேஸ்திரி ஆனார். குடும்பம் பெருகியது, வாரம் 30 ஷில்லிங் போதவில்லை. கூட்டிக் கேட்டார், முதலாளி மறுத்தார். 1797-ல் தனிப் பட்டறை போட்டுவிட்டார். பிராமாவுக்குத்தான் நஷ்டம் என்பேன்.

அந்தக் காலத்தில் ஒரு போல்ட்டின் நட்டு இன்னொரு போல்ட்டில் ஏறாது. கழற்றும்போது ஜோடிக்கு ஜோடி அடையாளம் போட்டு வைக்கணும். கலந்துவிட்டால் மேஸ்திரிக்கே மரை கழன்றுவிடும்!

மாட்ஸ்லே செய்தது இதுதான்: லேத்தின் உளியைக் கையிலிருந்து பிடுங்கி ஸ்லைடில் பூட்டினார், அந்த ஸ்லைடை நகர்த்த லீட் ஸ்க்ரூ வைத்தார், பற்சக்கரத்தை மாற்றினால் வேண்டிய பிட்ச் கிடைத்தது. இதில் உளி, வெட்டிய மரையை நம்பிப் போவதில்லை, தாய்த் திருகை நம்பிப் போகிறது. இவர்தான் முதல் ஆள் என்று எழுதுவது சரியல்ல. ராம்ஸ்டன் போன்றவர்கள் முன்பே செய்து பார்த்தார்கள். ஆனால் கனமான இரும்பில், தினசரி வேலைக்கு ஆகும்படி நிலைநிறுத்தியவர் இவரே. அந்த லேத் லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் இருக்கிறது.

அவர் வெட்டிய ஒரு திருகு 5 அடி நீளம், அங்குலத்துக்கு 50 மரை. அதற்கான நட்டு 12 அங்குலம். கணக்குப் போடுங்கள் தம்பிகளே, 600 மரை ஒன்றாக உட்கார வேண்டும். உட்கார்ந்தது! தன் பட்டறைக்கு டேப், டை எல்லாவற்றையும் ஒரே அளவு வரிசைக்குக் கொண்டுவந்தார்.

1831 பிப்ரவரியில் காலமானார். அவர் பட்டறையில் வேலை பழகிய ஜோசப் விட்வொர்த், 1841-ல் நாட்டுக்கே பொதுவான மரை அளவை, 55 டிகிரி கோணத்தோடு, முன்வைத்தார். பழைய டைகளில் பி.எஸ்.டபிள்யூ. என்று பொறித்திருப்பது அந்த அளவுதான்.