வாரன் ஹார்டிங்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 29-ஆம் குடியரசுத் தலைவராய் விளங்கிய வாரன் ஹார்டிங் என்பார், ஒஹையோ மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் 1865-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் பிறந்தார். பெருஞ்செல்வக் குடியினர் அல்லர். 1884-இல் தோழர் சிலருடன் கூடி, மேரியன் என்னும் ஊரில் நலிந்து கிடந்த நாளிதழ் ஒன்றை வாங்கி, அதனைத் தம் உழைப்பால் நிலைபெறச் செய்தார். 1891-இல் அவரை மணந்த புளோரன்ஸ் அம்மையார் பத்திரிகை அலுவலகத்திற் புகுந்து விற்பனைக் கணக்கையெல்லாம் ஒழுங்கு செய்தார். கணவரினும் மனைவியார் உறுதி மிக்கவர் என்று அவ்வூரார் கருதினர்.

ஹார்டிங் அழகிய தோற்றமும் இனிய குரலும் உடையவர். யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாதவர். இக்குணம் அண்டை வீட்டார்க்கு இனிது. ஆள்வோர்க்கு எத்துணை இடர் விளைக்கும் என்பதை அவர் வரலாறே காட்டும். 1914-இல் அவர் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

அக்காலத்தில் மதுவிலக்குக் கிளர்ச்சி அந்நாடெங்கும் மூண்டிருந்தது. கிளர்ச்சியை நடத்திய சாராயக்கடை எதிர்ப்புச் சங்கம் 1893-இல் ஒஹையோவிலேயே தோன்றியது. அதன் பகையைத் தேடிக்கொண்ட அரசியலார் அம்மாகாணத்தில் நிலைத்தல் அரிது. ஹார்டிங்கோ மதுவை வெறுப்பவர் அல்லர். தாம் மதுவிலக்கில் நம்பிக்கையுடையவர் அல்லர் என்பதைச் சபையிலேயே மறையாது சொன்னார். ஆயினும் 1917 ஆகஸ்டு 1-ஆம் நாள், மதுவிலக்குத் திருத்தத்திற்கு ஆதரவாகவே வாக்களித்தார். மாகாணங்கள் அதனை ஏற்பதற்குக் காலவரையறை ஒன்று வேண்டும் என்று ஏற்பாடு செய்தவரும் அவரே. முதலில் 6 ஆண்டுகளாயிருந்த அவ்வரையறை பின்னர் 7 ஆயிற்று. 1919 அக்டோபரில், மதுவிலக்கை நடைமுறைப்படுத்தும் வால்ஸ்டெட் மசோதாவைத் தலைவர் வில்சன் மறுத்துத் திருப்பியபோது, அம்மறுப்பைத் தள்ளிச் சட்டமாக்கியோருள்ளும் ஹார்டிங் ஒருவர்.

அதே திங்களில், மனைவியல்லாத இளம்பெண் ஒருத்திக்கு அவர்பால் ஒரு மகவு பிறந்தது. அவர் இறந்தபின் 1927-இல் அத்தாய் ஒரு நூல் எழுதி இதனை வெளியிட்டாள். உலகம் அவளைப் பொய்யள் என்று தூற்றியது. 2015-இல் மரபணுச் சோதனை அவள் சொல்லியதே மெய் என்று காட்டிற்று. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழி சுமந்தவர் யாவர் என்பதை அன்பர்கள் நோக்குக.

இனி அச்சட்டத்தின் கடுமையைச் சிறிது காண்போம். நூற்றுக்கு அரை விழுக்காட்டிற்கு மிகுந்த சாராயச் சத்துடைய எப்பானத்தையும் காய்ச்சுதலும் விற்றலும் குற்றம். முதன்முறை அகப்பட்டார்க்கு 1000 டாலர் வரை தண்டமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்கலாம். மறுமுறை அகப்படின் சிறை 5 ஆண்டு வரை நீளும். 1920 ஜனவரி 17 முதல் இது நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஹார்டிங் நூற்றுக்கு அறுபது விழுக்காட்டளவு வாக்குப் பெற்றுக் குடியரசுத் தலைவரானார்.

வெள்ளை மாளிகையின் கீழ்த்தளத்தில் நடந்த அரசு விருந்துகளில் மது இல்லை. மாடியிலோ வாரந்தோறும் நண்பர் குழுவுடன் சீட்டாட்டம் நிகழும். அங்கே பல்வகை விஸ்கிப் புட்டிகள் வரிசையாக நின்றன. முன்னாள் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் புதல்வியார் அதனைக் கண்ணாற் கண்டு பின்னாளில் எழுதி வைத்தார். படிக்கட்டு ஒன்றே இடை. கீழே சட்டம், மேலே கோப்பை.

இங்கு ஒருவர் வினவலாம்: முன்னரே வாங்கி வைத்த மதுவைத் தன் வீட்டில் தானும் விருந்தினரும் பருகுதலைச் சட்டம் தடுக்கவில்லையே, குற்றம் யாது? உண்மை. அவ்விலக்கு யார்க்குப் பயன்பட்டது என்பதே என் கேள்வி. நிலவறை நிறையப் புட்டிகளை முன்கூட்டி வாங்கி அடுக்கச் செல்வர்க்கன்றோ இயலும்? அன்றன்று கூலி பெற்று அன்றன்று ஒரு குவளை பீர் வாங்கிய தொழிலாளிக்கு அது தகுமோ? ஓட்டையுள்ள சட்டத்தைச் செய்தவரே அவ்வோட்டையின் நிழலில் அமர்ந்தார். இதனை எழுதுங்கால், மாநாட்டு மேடையில் வரதட்சிணை ஒழிப்புத் தீர்மானத்திற்குக் கை உயர்த்திவிட்டு, அத்திங்களிலேயே தம் மகனுக்கு ரொக்கம் எண்ணி வாங்கிய பெரியார் ஒருவர் என் நினைவிற்கு வருகின்றார். அவர் பெயர் நமக்கு வேண்டா.

ஹார்டிங்கிடம் நன்மையே இல்லை என்றல் அறமன்று. 1921-இல் தென்மாகாணமாகிய அலபாமாவில் நின்று, கறுப்பின மக்களுக்கு அரசியலுரிமை வேண்டுமென்று பேசினார். போரை எதிர்த்துச் சிறைப்பட்ட டெப்ஸ் என்பாரை அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் விடுவித்தார். நண்பர்களைக் கடியாமையே அவரைக் கெடுத்தது. நீதித்துறைத் தலைவர் டாஹர்ட்டியின் அணுக்கத் தோழரான ஜெஸ் ஸ்மித், மது உரிமச் சீட்டுக்களைப் பணத்திற்கு விற்பதில் ஈடுபட்டவர். 1923 மே மாதம் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். அமைச்சர் ஃபால் எண்ணெய் நிலங்களின் பொருட்டுக் கையூட்டுப் பெற்றமை பின்னர் வெளியாகி, 1929-இல் தண்டனை பெற்றார்.

அவ்வாண்டு ஜூனில் தலைவர் மேற்றிசை நோக்கி நெடும்பயணம் புறப்பட்டார். டென்வர் நகரில், மதுவிலக்குச் சட்டத்தைக் குடிகள் யாவரும் மதித்து ஒழுகவேண்டும் என்று வற்புறுத்திப் பேசினார். அதற்குமுன் தாமும் குடியை விட்டிருந்தார் என்பர். அங்ஙனமாயின் அவர் வாக்கும் வாழ்வும் ஒன்றுபட்டது இறுதியின் சில திங்களே. ஆகஸ்டு 2-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் உயிர் நீத்தார். அம்மையார் கணவரின் கடிதங்களுட் பலவற்றைத் தீயிலிட்டுவிட்டு, மறு ஆண்டு தாமும் மறைந்தார்.

மேரியனில் எழுப்பிய வெண்சலவைக்கல் மண்டபத்தைத் திறந்து வைக்க நெடுநாள் எவரும் முன்வரவில்லை. 1931-இல் தலைவர் ஹூவர் அதனைத் திறந்தபோது, நண்பராற் காட்டிக்கொடுக்கப்பட்டவர் ஹார்டிங் என்று அவர் முன்னிலையிலேயே சொல்ல நேர்ந்தது. கேட்டோருள் டாஹர்ட்டியும் இருந்தார். 1933 டிசம்பர் 5-ஆம் நாள் மதுவிலக்குத் திருத்தம் நீக்கப்பெற்றது.