பெங்களூரில் அம்மைப்பால் தயாரித்த டாக்டர் பல்பு

திருவிதாங்கூர் சமஸ்தானம் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிய டாக்டர் ஒருவருக்கு, மைசூர் சமஸ்தானம் வேலை கொடுத்தது. பிழைக்க வந்த ஊரில் அவர் பிறர் பிள்ளைகளின் உயிரைக் காக்கும் தொழிலைச் செய்தார். அவர்தான் டாக்டர் பல்பு.

படிப்புக்குத் தடை

திருவனந்தபுரத்தை அடுத்த பேட்டையில் 1863-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி பல்பு பிறந்தார். ஈழவ வகுப்பைச் சேர்ந்தவர். அந்த வகுப்பினருக்கு அப்போது திருவிதாங்கூரில் அரசாங்க உத்தியோகம் எட்டாக்கனி. அவருடைய அண்ணன் வேலாயுதன் பட்டம் பெற்றும் சொந்த ஊரில் வேலை கிடைக்கவில்லை.

மருத்துவப் படிப்புக்கான தேர்வில் பல்பு தேறினார். ஆனால் வயதைக் காரணம் காட்டி இடம் மறுத்தார்கள். அவர் சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து எல்.எம்.எஸ். பட்டம் பெற்றார். ஊருக்குத் திரும்பி வேலை கேட்டார். அப்போதும் கதவு திறக்கவில்லை.

கன்றுக்குட்டியும் அம்மைப்பாலும்

சென்னையில் அம்மைப்பால் நிலையத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 70 ரூபாய். பிறகு 100 ரூபாய் சம்பளத்தில் மைசூர் அரசாங்கப் பணிக்கு வந்தார்.

அந்தக் காலத்தில் பெரியம்மை கண்ட 10 பேரில் 3 பேர் வரை இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் போனது. அதைத் தடுக்க அம்மை குத்தினார்கள். கன்றுக்குட்டியின் வயிற்றில் மயிரை மழித்து, தோலைக் கீறி, மருந்துக் கிருமியைத் தடவுவார்கள். சில நாளில் கொப்புளம் எழும்பும். அதிலிருந்து எடுப்பதுதான் அம்மைப்பால். வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும். வீரியம் போன பாலைக் குத்தினால் பலன் இல்லை. குத்தியும் அம்மை வந்துவிட்டதே என்று ஜனங்கள் நம்பிக்கை இழப்பார்கள். எனவே பாலைத் தயாரிப்பவர் கவனமாக இருக்க வேண்டும்.

பிளேக் முகாமில்

1898-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெங்களூரில் பிளேக் பரவியது. ஜனங்கள் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். டாக்டர் பல்பு ஓடவில்லை. பிளேக் முகாமில் நோயாளிகளுக்கு நடுவே பணியாற்றினார். பின்னர் இங்கிலாந்து சென்று பொதுச் சுகாதாரம் படித்துத் திரும்பி, பெங்களூரில் சுகாதார அதிகாரியாக இருந்தார்.

சொந்த ஊரை அவர் மறக்கவில்லை. படிப்பும் வேலையும் கேட்டு 1896-ல் 13,176 ஈழவர்கள் கையெழுத்திட்ட மனுவைத் திருவிதாங்கூர் மகாராஜாவிடம் சேர்ப்பித்தார். 1903-ல் ஸ்ரீ நாராயண குரு தலைமையில் தர்ம பரிபாலன யோகம் தோன்ற முன்னின்று உழைத்தார்.

1950-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி அவர் காலமானார். மறுநாள் அமலுக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது.

பெற்றோர் கவனத்துக்கு

1980-ல் உலகமே பெரியம்மையிலிருந்து விடுபட்டது. அம்மை குத்துவதும் நின்றது. ஆனால் மற்ற நோய்கள் ஒழிந்துவிடவில்லை. காசநோய், இளம்பிள்ளை வாதம், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், தட்டம்மை முதலியவற்றுக்கு அரசு ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார நிலையங்களிலும் இலவசமாகத் தடுப்பு மருந்து தருகிறார்கள். பிறந்தவுடன், 6, 10, 14 வாரங்களில், 9 மாதத்தில், ஒன்றரை வயதை ஒட்டி, 5 வயதில் என்று தவணைகள் உண்டு. ஊசி போட்டபின் லேசாகக் காய்ச்சல் வந்தால், அதற்குப் பயந்து அடுத்த தவணையை விட்டுவிடக் கூடாது.

வேலைக்காக ஊர் மாறும் குடும்பங்களில்தான் தவணை தவறுகிறது. குழந்தையின் அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊரிலேயே அட்டையைக் காட்டி அடுத்த ஊசியைப் போடலாம். பாஷை தெரியாவிட்டாலும் அட்டையே பேசும்.