தெருநாய்களுக்கு வீடு தேடித் தந்த மேரி அம்மையார்



நமது சுவரிதழின் ‘வாழ்ந்து காட்டியவர்கள்’ பகுதிக்கு இந்த மாதம் எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. விஞ்ஞானி, கவிஞர், விடுதலை வீரர் என்று நிறையப் பேரை இங்கே படித்துவிட்டோம். நான் எழுதப் போவது ஒரு சாதாரணப் பெண்மணியைப் பற்றி. அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை, நாட்டை ஆளவில்லை. பசியோடு அலைந்த நாய்களுக்குச் சோறு போட்டு, உடம்பைத் தேற்றி, நல்ல வீடு பார்த்துக் கொடுத்தார். அவ்வளவுதான். ஆனால் அவர் தொடங்கிய இல்லம் 160 வருஷங்களைத் தாண்டியும் நடக்கிறது. அவர் பெயர் மேரி டீல்பி.

பிறப்பும் வாழ்க்கையும்

மேரி 1801-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இங்கிலாந்தில் ஹண்டிங்டன் என்ற ஊரில் பிறந்தார். 1829-ல் ஹல் நகரத்து மர வியாபாரி ராபர்ட் டீல்பியைத் திருமணம் செய்துகொண்டார். பிற்காலத்தில் கணவரைப் பிரிந்து லண்டனுக்கு வந்து, பாதிரியாராக இருந்த தம் சகோதரர் எட்வர்ட் பேட்ஸுடன் வசித்தார். கணவரைப் பிரிந்த பெண் என்றால் அந்தக் காலத்தில் ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பணமும் பெரிதாக இல்லை. வயதோ ஐம்பதைத் தாண்டிவிட்டது. இனி என்ன செய்ய முடியும் என்று உட்கார்ந்துவிடுகிற வயது. அவருடைய பெரிய வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

அன்றைய லண்டன்

1861-ஆம் ஆண்டுக் கணக்குப்படி லண்டனில் சுமார் 28 லட்சம் மக்கள் இருந்தார்கள். உலகத்திலேயே பெரிய நகரம் அது. ஒரு பக்கம் மாளிகைகள், இன்னொரு பக்கம் ஒரே அறையில் பத்துப் பேர் படுக்கிற சந்துகள். மனிதர்களுக்கே இந்தக் கதி என்றால் நாய்களை யார் கவனிப்பார்கள்? தொலைந்து போனவை, வளர்க்க முடியாமல் விரட்டப்பட்டவை, வயதாகிவிட்டது என்று கைவிடப்பட்டவை எல்லாம் தெருவில் அலைந்து செத்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கிடையாது. லூயி பாஸ்டர் அதை முதன்முதலில் ஒரு சிறுவனுக்குப் போட்டது 1885-ல்தான். அதனால் தெருநாயைக் கண்டாலே ஜனங்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் நாய்க்குக் கதவைத் திறந்துவிட எவ்வளவு துணிச்சல் வேண்டும், பாருங்க!

சமையற்கட்டில் தொடங்கிய தொண்டு

1860-ஆம் வருஷம். மேரியின் தோழி சாரா மேஜர், சாகும் நிலையில் கிடந்த ஒரு நாயைத் தம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து அதற்குப் பணிவிடை செய்தார்கள். ஆனாலும் நாய் பிழைக்கவில்லை.

இந்த இடத்தில் நம்மில் பலர் மனசு கஷ்டப்பட்டு, அத்தோடு விட்டுவிடுவோம். மேரி விடவில்லை. இந்த ஒன்று நம் கண்ணில் பட்டது, படாமல் போனவை எத்தனை என்று அவர் மனம் போயிருக்க வேண்டும். அடுத்தடுத்து நாய்களைக் கொண்டு வந்து, தோழி வீட்டுச் சமையலறைப் பின்கட்டில் வைத்துப் பராமரித்தார்கள். இடம் போதவில்லை. அதனால் ஹாலோவே என்ற பகுதியில் குதிரை லாயங்கள் இருந்த ஓர் இடத்தைப் பிடித்தார்கள். 1860 அக்டோபர் 2-ஆம் தேதி இல்லம் திறக்கப்பட்டது. தொலைந்துபோன, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம் என்பது அதன் பெயர்.

‘தற்காலிக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நாய்களைக் காலம் பூராவும் அடைத்து வைப்பது அவர்கள் எண்ணமாக இல்லை. தொலைந்த நாயானால் சொந்தக்காரரிடம் சேர்க்க வேண்டும். யாருமில்லாத நாயானால் புது வீடு பார்க்க வேண்டும். இல்லம் ஒரு நடுவழிச் சத்திரம் மாதிரி. இந்த யோசனைதான் இன்றைக்கு உலகம் முழுக்க உள்ள விலங்கு காப்பகங்களுக்கு முன்னோடி.

கேலியும் ஆதரவும்

நல்ல காரியம் செய்தால் கைதட்டுவார்கள் என்று நினைக்கிறோம். லண்டனின் ‘தி டைம்ஸ்’ பத்திரிகை மேரியைக் கேலி செய்தது. மனிதக் குழந்தைகளே பட்டினி கிடக்கும் ஊரில் நாய்க்கு இல்லமா என்ற கேள்வி அதன் பின்னால் இருந்தது.

நான் இந்தக் கேள்வியை ரொம்ப யோசித்துப் பார்த்தேன். கேள்வி தப்பில்லை. ஆனால் இரக்கம் என்பது டிபன் பாக்ஸில் உள்ள சோறு போல, ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைந்துபோகிற பொருளா? நாய்க்குச் சோறு வைக்கிறவர்தான் பிச்சைக்காரருக்கும் முதலில் போடுகிறார். எங்கள் தெருவில் நான் பார்த்தது அப்படித்தான். வாடிய பயிரைப் பார்த்து வாடிய வள்ளலார் பிறந்த நாட்டில் இதை விளக்கவே தேவையில்லை.

மேரி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. சகோதரரும் நண்பர்களும் சேர்ந்த ஒரு குழுவை அமைத்து, நன்கொடை திரட்டி, வேலையைத் தொடர்ந்தார். அதன் முதல் கூட்டம் நடக்க, விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தன் அலுவலகத்தில் இடம் கொடுத்தது. 1862-ல் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதே வட்டாரத்தில் நடந்த பகட்டான நாய்க் கண்காட்சியையும், மேரியின் எளிய இல்லத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய கட்டுரை அது. பரிசு வாங்கும் நாய்களைவிட இந்த ஏழை நாய்கள் வாசகர்களின் மனசைத் தொட்டன. ஆதரவு பெருகியது.

மறைவு

1865 அக்டோபர் 3-ஆம் தேதி, புற்றுநோயால் மேரி பிக்கிள்ஸ்வேட் என்ற ஊரில் காலமானார். வயது 63. இல்லம் தொடங்கி ஐந்து வருஷம் முடிந்து, ஒரே ஒரு நாள்தான் ஆகியிருந்தது. இல்லம் பெரிதாக வளர்ந்ததை அவர் பார்க்கவில்லை. மகாராணி விக்டோரியா 1885-ல் அதன் புரவலரானதும் அவருக்குத் தெரியாது.

இல்லம் வளர்ந்த கதை

1871-ல் இல்லம் தேம்ஸ் நதிக்குத் தெற்கே பாட்டர்ஸீ என்ற இடத்துக்கு மாறியது. 1883-லிருந்து பூனைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் உலகப் போரின்போது, 1917-ல் தொடங்கப்பட்ட ராணுவ நாய்ப் பள்ளிக்கு இங்கிருந்தும் நாய்கள் போயின. வேண்டாம் என்று தெருவில் விடப்பட்ட நாய்கள், குண்டு விழும் இடத்தில் செய்தி கொண்டு ஓடின! இதுவரை 30 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களும் பூனைகளும் அந்த இல்லத்துக்கு வந்திருக்கின்றன.

இனிப்பான செய்திகளை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். 1867-ல் லண்டன் போலீசாருக்குத் தெருநாய்களைப் பிடிக்கச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. பிடிபட்டவை கூட்டம் கூட்டமாக இல்லத்துக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் வீடு கிடைக்கவில்லை. யாரும் கேட்டு வராத ஏராளமான நாய்கள் அங்கேயே கொல்லப்பட்டன. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஆனால் ஒன்று புரிந்தது. காப்பகம் கட்டினால் மட்டும் போதாது. குட்டிகள் பெருகாமல் கருத்தடை செய்ய வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், வளர்க்க ஆள் முன்வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் காப்பகம் நிரம்பி வழியும்.

பயந்த நாயைத் தேற்றுவது எப்படி?

மேரி செய்த வேலை எப்படிப்பட்டது என்பதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனது. கொல்லையில் கட்டிக் கிடந்த நாயை அப்படியே விட்டுவிட்டார்கள். கழுத்துக் கயிறு தோலுக்குள் புதைந்து புண்ணாகியிருந்தது. எங்க தாத்தா கால்நடை மருத்துவரை அழைத்து வந்து கயிற்றை வெட்டி, மருந்து போட்டு, ஊசியும் போட வைத்தார். அப்புறம் எங்கள் மாட்டுக்கொட்டகையின் மூலையில் சாக்கு விரித்து இடம் கொடுத்தார்.

நாய் யார் வந்தாலும் வாலை உள்ளே இடுக்கிக்கொண்டு நடுங்கும், கிட்டப் போனால் உறுமும். என்னைத் தொடவே விடவில்லை தாத்தா. அவர் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குச் சோற்றை வைத்துவிட்டு, பத்தடி தள்ளி, அதைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து வெற்றிலை போடுவார். கூப்பிட மாட்டார், தட்டிக் கொடுக்க மாட்டார். கொஞ்ச நாள் தாத்தா எழுந்து போன பிறகுதான் அது சாப்பிட்டது. பதினோராம் நாள் அவர் இருக்கும்போதே சாப்பிட்டது. ஒன்றரை மாதம் கழித்து, தானாகவே வந்து அவர் கையை முகர்ந்து பார்த்து வாலை ஆட்டியது. அன்றைக்குத்தான் அதற்கு ‘மணி’ என்று பெயர் வைத்தோம்.

காப்பகங்களில் பயிற்சி பெற்றவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

1. முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலி இருக்கும் நாய் யாரையும் நம்பாது.
2. சத்தமில்லாத ஒரு மூலை கொடுக்க வேண்டும். அது அங்கே போய்ப் படுத்தால் யாரும் தொந்தரவு செய்யக் கூடாது.
3. ஒரே நேரம், ஒரே இடம், ஒரே தட்டு. நாளைக்கும் சோறு வரும் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.
4. கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்ப்பது, தலைக்கு மேல் கையைக் கொண்டு போவது இரண்டும் கூடாது. அதுவாக வரும்வரை காத்திருக்க வேண்டும்.
5. அடிக்கவே கூடாது. நல்லபடி நடந்துகொள்ளும்போது தின்பண்டம் கொடுத்தால் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.
6. புது வீடு பார்க்கும்போது, அந்த நாய்க்கு ஏற்ற வீடா என்று பார்க்க வேண்டும். சத்தத்துக்குப் பயப்படும் நாயைக் கடைத்தெருவில் கொடுக்கக் கூடாது.

மணியை நாங்களே வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் பஸ் ஹாரன் கேட்டாலே அது கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். அதனால் அப்பாவின் நண்பர் ஒருவருடைய தென்னந்தோப்புக்குக் கொடுத்தோம். கொடுத்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஆனால் பொங்கலுக்குப் போய்ப் பார்த்தபோது அது தோப்பு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. விட்டுக்கொடுப்பதும் அன்புதான் என்று அன்றைக்குப் புரிந்தது. மேரி அம்மையாரும் தேற்றிய ஒவ்வொரு நாயையும் இப்படித்தானே வழியனுப்பியிருப்பார்!

உங்களுக்குத் தெரியுமா?

★ மேரி இல்லம் தொடங்கி சரியாக 100 வருஷம் கழித்து, 1960-ல், இந்தியாவில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்காக மாநிலங்களவையில் பாடுபட்டவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல்.

★ சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1959-ல் தொடங்கியது. தொடங்கியவர் விமானியான கேப்டன் சுந்தரம். நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று 1964-லேயே அந்த அமைப்பு வற்புறுத்தியது.

★ நமது குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-லிருந்து இயங்கி வருகிறது. வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிக்கத் தொடங்கப்பட்டதுதான் அது.

★ இங்கிலாந்துப் பிரதமர் வீட்டுக்கு 2011-ல் எலி பிடிக்கப் போன ‘லாரி’ என்ற பூனை, மேரியின் இல்லத்தில் இருந்து போனதுதான்!

மறக்காதீர்கள்! நாய் கடித்தாலோ கீறினாலோ உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டு, சொன்ன தேதிகளில் தவறாமல் மற்ற ஊசிகளையும் போட்டுக்கொள்ளுங்கள். நாய் மேல் அன்பு இருக்கட்டும், நம் உயிர் மேலும் இருக்கட்டும்.

நாம் என்ன செய்யலாம்?

நமது சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு நாய் ஐந்து குட்டி போட்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். சிலர் பிஸ்கட் போடுகிறார்கள், சிலர் கல் எறிகிறார்கள். இரண்டுமே அவற்றுக்கு நிரந்தர வழி ஆகாது. சின்னப் பிள்ளைகள் நடமாடும் பள்ளிக்கூடத்தில் அவை வளர முடியாது என்று தலைமை ஆசிரியர் ஐயா சொன்னதும் நியாயம்தான். ஆனால் எங்கேயாவது ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டால், 1860-ல் லண்டன் தெருவில் கிடந்த நாயின் கதைதான் திரும்பவும் நடக்கும்.

குட்டிகள் தாயை விட்டுப் பிரிய எட்டு வாரமாவது ஆக வேண்டும். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரைக்கும் ஐயா அவகாசம் கொடுத்திருக்கிறார். தாய் நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய உடற்கல்வி ஆசிரியர் கால்நடை மருத்துவமனையில் பேசி வருகிறார். தாய்க்கும் வீடு வேண்டும். ஆக மொத்தம் ஆறு பேர், ஆறு வீடு!

இந்தத் தாளுக்குக் கீழே ஆறு கட்டங்கள் போட்டிருக்கிறேன். அம்மா அப்பாவிடம் நன்றாகக் கேட்டு, பத்து வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொள்ள முடியும் என்று அவர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும் உங்கள் வகுப்பை எழுதுங்கள். ஆசையில் எழுதிவிட்டு அப்புறம் தெருவில் விட வேண்டாம். முதல் கட்டத்தில் எங்கள் வீடு. தாய் நாய்க்குக் கொட்டகை மூலையைத் தருவதாகத் தாத்தா சொல்லிவிட்டார். மீதி ஐந்து கட்டங்கள் காலியாக இருக்கின்றன.



– 9-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி