நோஞ்சான் பிள்ளை செய்த ஸ்பிரிங் கட்டில்

நாள் பூராவும் குனிந்து நிமிர்ந்து வேலை பார்க்கிறோம், நமக்குத் தனியாக உடற்பயிற்சி என்னத்துக்கு என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்களுக்காகவே இந்த முறை ஜோசப் பிலாட்டிஸின் கதையை எடுத்துக்கொண்டோம்.

1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர். அப்பா உலோக வேலை செய்த தொழிலாளி. பையனோ சரியான நோஞ்சான். ஆஸ்துமா, எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் நோய், வாதக் காய்ச்சல் என்று ஒன்று மாற்றி ஒன்று. மற்ற பிள்ளையாக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருக்கும். இவர் உடம்பை வளைத்து, குத்துச்சண்டை வரை கற்றுக்கொண்டார்.

பிறகு பிழைப்புக்கு இங்கிலாந்து போனார். 1914-ல் போர் வந்தது. ஜெர்மன்காரர் என்பதால் பிடித்து அடைத்துவிட்டார்கள். மேன் தீவிலிருந்த நாக்கலோ முகாமில் 1919 வரை கிடந்தார். எழுந்து நடக்க முடியாத நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங்கைக் கட்டி, படுத்தபடியே கைகால் இழுக்க வைத்தார் என்பார்கள். அவரிடம் பயிற்சி எடுத்த யாரும் 1918-ம் ஆண்டு விஷக்காய்ச்சலில் சாகவில்லை என்றும் ஒரு பேச்சு உண்டு. அதை மட்டும் நாம் நம்பமாட்டோம். ஸ்பிரிங்குக்கு அவ்வளவு சக்தி கிடையாது!

1926-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். மறு வருஷமே அவர் செய்த பயிற்சி யந்திரத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பார்வைக்கு அது ஒரு கட்டில்தான். ஆனால் மேல்பலகைக்குச் சக்கரம் உண்டு. அதில் மல்லாந்து படுத்து, கால்மாட்டுக் கம்பியை உதைத்தால் பலகை நகரும், ஸ்பிரிங் எதிர்த்து இழுக்கும். உதைப்பது பெரிசில்லை. திரும்பி வரும்போது பலகை டமாரென்று மோதாமல் அடக்கிக் கொண்டுவர வேண்டும், அங்கேதான் வயிறும் இடுப்பும் வேலை செய்யும். படுத்திருப்பதால் உடம்புப் பாரம் முதுகெலும்பில் இறங்காது. அடிபட்டவனுக்கு ஸ்பிரிங்கைக் குறைக்கலாம், விளையாட்டு வீரனுக்குக் கூட்டலாம். ஒரே யந்திரம், இரண்டு பேருக்கும் உதவியது.

எட்டாவது அவென்யூவில் அவரும் மனைவி கிளாராவும் நடத்திய கூடத்துக்கு நடனக்காரர்கள் தேடி வந்தார்கள். ஜார்ஜ் பாலன்ஷின், மார்த்தா கிரகாம் போன்ற பெரிய பேர்களும் அதில் அடக்கம். ஆனால் அவர் ஏங்கியது டாக்டர்களின் அங்கீகாரத்துக்கு. பட்டம் இல்லாத மனிதன் பேச்சை யார் கேட்பார்கள்? மருத்துவ உலகம் கடைசி வரை அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மனிதரும் முன்கோபிதான். மூச்சுப் பயிற்சியை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, தான் சுருட்டை விடவில்லை. 1967-ல், 83 வயதில், நுரையீரல் கெட்டே இறந்தார்.

நமக்குக் கட்டில் வாங்க வசதி ஏது என்று யோசிக்க வேண்டாம். 1945-ல் வந்த அவருடைய புத்தகத்தில் 34 பயிற்சிகள் இருக்கின்றன. எல்லாம் தரையில் விரிப்புப் போட்டுச் செய்பவை, யந்திரமே தேவையில்லை. ஆனால் முதுகுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கிவிடாதீர்கள்.

பின்னாளில் உடலியக்கச் சிகிச்சைக்காரர்களும் அந்த ஸ்பிரிங் கட்டிலை எடுத்துக்கொண்டார்கள். அவர் பெயரைத் தங்கள் வியாபாரச் சின்னமென்று சிலர் உரிமை கொண்டாட, வழக்கு நியூயார்க் நீதிமன்றம் வரை போனது. யோகா, கராத்தே மாதிரி பிலாட்டிஸ் என்பதும் ஒரு பயிற்சியின் பெயர், அது எவருக்கும் தனிச் சொத்தல்ல என்று 2000-ல் தீர்ப்பாயிற்று.