பீரங்கியின் பாரம் குறைத்த கிரிபோவல்

தாய்நாட்டுக்கு அப்பால் நெடுந்தூரம் சென்று போரிடும் படைக்குப் பீரங்கிகள் பெரும் பலமாகும்; அதேவேளை பெரும் சுமையுமாகும். இம்முரண்பாட்டுக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே விடை கண்டவர் பிரான்சின் பீரங்கிப் படைத் தளபதி கிரிபோவல் ஆவார்.

1715ஆம் ஆண்டு அமியான் நகரில் பிறந்த அவர், 1732இல் பீரங்கிப் படையில் இணைந்தார். வல்லியேர் என்பவர் வகுத்த முறை அவ்வாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. கோட்டை முற்றுகைக்கும் களப்போருக்கும் ஒரே வகைப் பீரங்கிகளே என்பது அதன் அடிப்படை. 12 இறாத்தல் குண்டு எறியும் பீரங்கியின் குழல் மாத்திரம் சுமார் 1,550 கிலோகிராம் நிறையுடையதாக இருந்தது. சேற்று நிலத்தில் அதனை நகர்த்துவது எத்துணை கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஏழாண்டுப் போரின்போது நேச நாடான ஒஸ்திரியாவின் சேவைக்கு அனுப்பப்பட்ட கிரிபோவல், அந்நாட்டின் இலகுவான பீரங்கிகளை நேரில் ஆராய்ந்தார். 1762இல் ஷ்வைட்நிட்ஸ் கோட்டையைப் பிரஷ்யப் படைகளிடமிருந்து இரு மாதங்களுக்கு மேலாகப் பாதுகாக்க உதவி, இறுதியில் கைதியானார்.

நாடு திரும்பிய அவரது திட்டம், அமைச்சர் சுவாசலின் ஆதரவுடன் 1765இல் நடைமுறைக்கு வந்தது. களப் பீரங்கிகள் முற்றுகைப் பீரங்கிகளிலிருந்து வேறாக்கப்பட்டன. குழல்கள் குறுகின, 12 இறாத்தல் பீரங்கியின் குழல் சுமார் 880 கிலோகிராமாகக் குறைந்தது. குண்டுக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளி குறைக்கப்பட்டதால் வெடிமருந்தின் விசை வீணாவது குறைந்தது. இரும்பு அச்சுகள் பொருத்தப்பட்டன. குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகவன்றிச் சோடியாகப் பூட்டப்பட்டன. ஒரு வண்டியின் சக்கரம் இன்னொன்றுக்கும் பொருந்துமாறு உதிரிப்பாகங்கள் ஒரே அளவில் செய்யப்பட்டன. அந்நிய மண்ணில் சக்கரம் உடைந்தால் பட்டறையைத் தேடி அலையத் தேவையில்லை என்ற நிலை உருவானது.

ஆயினும் பழைமைவாதிகள் ஓயவில்லை. வல்லியேரின் மகனது செல்வாக்கினால் 1772இல் பழைய முறை மீண்டது. பதினாறாம் லூயி அரியணையேறிய 1774இலேயே கிரிபோவலின் முறை மீட்சி பெற்றது. 1776இல் அவர் பீரங்கிப் படையின் முதன்மைப் பரிசோதகரானார். 1789 மே மாதம், பஸ்தீல் சிறை வீழ்வதற்கு இரு மாதங்களுக்கு முன்னர் காலமானார்.

1800இல் நெப்போலியன் அல்ப்ஸ் மலையைக் கடந்தபோது, அப்பீரங்கிகளின் குழல்கள் குடைந்த மரத்தண்டுகளில் வைத்து இழுத்துச் செல்லப்பட்டன. ஆயுதத்தின் வலிமை அதன் கனத்தில் அல்ல, உரிய வேளையில் உரிய இடத்தை அடைவதிலேயே உள்ளது என்பதை அவரது வாழ்வு உணர்த்துகின்றது. அதேவேளை, சுமந்து செல்வது எளிதானபோது போரும் அயலாரின் வாசலை எளிதில் எட்டியது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.