சாட்டை ஏந்திய நாடியா அம்மையார்

பாலப் பருவத்திலே கண்ட சண்டைப் படமொன்றை முதுமையிலும் மறவாதவர்கள் நம்மிடையே பலர் உண்டு. கதை மறந்து போகும். குதிரையின் குளம்பொலி மட்டும் செவியை விட்டு அகலாது. கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்நாடும் அத்தகையவரே. துக்ளக், ஹயவதனம் முதலிய நாடகங்களால் பெரும்புகழ் எய்திய பின்னர், 1980-ஆம் ஆண்டில் தம் இளமையை நினைந்து எழுதியபோது, குதிரைமீது பாய்ந்து வரும் நாடியாவின் நீண்ட கூவலையே தம் பிள்ளைப் பிராயத்தின் மறக்கவொண்ணாத ஒலியாகக் குறித்தார். நாற்பதுகளில் பள்ளிப் பிள்ளைகளாயிருந்தோர்க்கு அவ்வம்மையாரே தைரியத்தின் வடிவம். அவர் புகழ்பெற்றது நாம் குடியேறி வாழும் இம்மும்பை மாநகரிலே ஆதலின், அவர்தம் வரலாற்றை இம்மலரில் சொல்லப் புகுகின்றோம்.

மேரி ஆன் எவன்ஸ் என்பது இயற்பெயர். 1908 ஜனவரி 8-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்தார். தந்தையார் ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் படையைச் சார்ந்தவர். குழந்தையாகப் பம்பாய்க்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1915-இல், உலகப் போர் தந்தையைப் பறித்துக்கொண்டது. 1922-இல் பெஷாவர் சென்ற மேரி அங்கே குதிரையேற்றமும் வேட்டையும் துப்பாக்கி சுடுதலும் பயின்றார். அவ்வெல்லைப்புற ஊரே அவருக்குப் பள்ளிக்கூடம் என்னலாம். 1928-இல் தாயோடும் சிறு மகனோடும் மீண்டும் பம்பாய். கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றார். நல்ல வேலை கிடைக்குமென்று சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்க விழைந்தார். உடற்பருமன் குறையவே பாலே நடனம் பழகினார் என்பர். அதுவே மேடைக்கும் சர்க்கஸுக்கும் அவரை இட்டுச் சென்றது.

அக்காலத்திலே ஜே. பி. எச். வாடியா, ஹோமி வாடியா என்னும் பார்சி சகோதரர் பரேலில் வாடியா மூவிடோன் நடத்தி வந்தனர். மூத்தவர் வழக்கறிஞர் கல்வி பெற்றவர். ஆயினும் ஹாலிவுட்டின் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் படங்களிலே தணியாத மோகம் உடையவர். மேரிக்கு இந்தியப் பெயரொன்றும் நீண்ட பின்னலுடைய பொய்ம்முடியும் சூட்ட அவர் விரும்பினார். அம்மையார் இரண்டையும் மறுத்துவிட்டார். வேலை தேடி வந்த ஏழைப் பெண் முதலாளியிடம் மறுப்புச் சொல்வது எளிய செயலன்று. அவர் ஒப்பியது நாடியா என்ற பெயரை மட்டுமே.

1935-இல் ஹோமியின் இயக்கத்தில் ஹண்டர்வாலி உருவாயிற்று. கொடிய மந்திரி அரசனைச் சிறைப்பிடிக்க, இளவரசி முகமூடி அணிந்து, சாட்டை ஏந்தி, எளியோரைக் காக்கும் கதை. ஏறத்தாழ ரூ. 80,000 செலவாயிற்று. ஆனால் படத்தை வாங்குவாரில்லை. வெள்ளைக்காரப் பெண் ஆடவரைச் சாட்டையால் விளாசுவதை மக்கள் ஏற்பரோ என்று விநியோகஸ்தர் அஞ்சினர். சகோதரர் நண்பரொருவரோடு கூடித் தாமே பணம் போட்டு கிராண்ட் ரோடு சூப்பர் சினிமாவில் வெளியிட்டனர். படம் 25 வாரங்களுக்கு மேல் ஓடியது. சாட்டை, இடுப்புப் பட்டை, தீப்பெட்டி எனப் பற்பல பொருள்கள் அனுமதி கேளாமலே அவர் பெயரால் விற்பனையாயின! அந்நியர் ஆட்சியை நாடு எதிர்த்து நின்ற காலம் அது. கொடுங்கோல் மந்திரியிடத்தே அவ்வாட்சியையே கண்ட மக்கள், அவனை அடித்து வீழ்த்திய வெள்ளை மங்கையைத் தம் வீட்டுப் பெண்ணாகவே கொண்டனர். இவ்விந்தையை நாம் எண்ணுந்தோறும் வியக்கின்றோம்.

1936-இல் மிஸ் ஃபிரண்டியர் மெயில். ஓடும் ரயிலின் கூரைமேல் சண்டை. 1942-இல் ஜங்கிள் பிரின்ஸஸ். உயிருள்ள சிங்கங்களுக்கு நடுவே நடிப்பு. அபாயக் காட்சிகளிலும் தாமே நடித்தார். ஹிந்தி உச்சரிப்பு கடைசிவரை அவருக்கு வசப்படவில்லை. ரசிகர் அதைப் பொருட்படுத்தவுமில்லை. தமிழிலும் 1937-இல் மின்னல் கொடி வந்தது; கே. டி. ருக்மணி அதில் சாகச நாயகியாக விளங்கினார்.

திரையிலே எவர்க்கும் அஞ்சாதவர் வாழ்விலே நெடுங்காலம் பொறுத்திருக்க நேர்ந்தது. ஹோமியும் அவரும் ஒருவரையொருவர் நேசித்தனர். ஹோமியின் தாயார் இசையவில்லை. தாயின் மனத்தைப் புண்படுத்த இருவருமே ஒருப்படவில்லை. 1942-இல் ஹோமி பசந்த் பிக்சர்ஸ் தொடங்கினார். நம்மவர் மிகுதியாக வாழும் செம்பூரிலேயே பின்னர் அதன் ஸ்டூடியோ எழுந்தது. படங்கள் வந்தன, ஆண்டுகள் உருண்டன. தாயார் மறைந்த பின்னரே, 1961-இல், திருமணம் நடந்தது. மணமகளுக்கு வயது 53.

1968-இல் கிலாடி படத்தில் அறுபது வயதிலும் சண்டையிட்டார். 1993-இல் ஜே. பி. எச். வாடியாவின் பேரர் ரியாத் வின்சி வாடியா அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தபோது புதிய தலைமுறையினரும் அவரை அறிந்துகொண்டனர். 88-ஆம் பிறந்த நாளுக்கு மறுநாள், 1996 ஜனவரி 9 அன்று, மும்பையிலேயே அம்மையார் காலமானார்.